திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒரு தடுப்பு வையுங்கள்: சேலத்துக் கட்டட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு வைத்திருக்கும் மருத்துவமனை, நகைக்கடை, துணிக்கடை, வங்கி, விடுதி நிர்வாகத்தாருக்கும், அந்த வாசல்களை வரைந்து தரும் பொறியாளர்களுக்கும்; எல்லோருக்கும் முன்னால், தடுப்புக் கண்ணாடி வேண்டாம் என்று போன வாரம் எனக்குப் போனில் சொன்ன அந்த ஒரு மருத்துவமனை நிர்வாகத்துக்கும்.

ஐயா, அம்மா,

பதினான்கு வருடமாக இந்தக் கதவுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அம்மாபேட்டையில் சின்னப் பட்டறை. சேலம், ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், ஏற்காடு வரைக்கும் போவேன். உங்கள் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கம் இல்லை. அந்த வாசலில் இன்னொரு பிள்ளையின் கை நசுங்கக் கூடாது, அவ்வளவுதான். நேரில் இரண்டு முறையும் போனில் மூன்று முறையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால் இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலகத்தில் அதை "சின்ன இன்சிடென்ட்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த கேமரா பதிவை உங்கள் மேலாளரோடு உட்கார்ந்து நான்கு முறை பார்த்தவன் நான்.

மாலை, பார்வையாளர் நேரம். ஏற்காட்டு மலையிலிருந்து காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பம் வந்திருக்கிறது. உள்ளே பையனின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. ஐந்து வயதுப் பையன், அம்மாயியோடு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியோடு, வரவேற்புப் பகுதியில் இருக்கிறான். யாரும் தொடாமலே திறந்து மூடுகிற கதவு எந்தக் குழந்தைக்கும் அதிசயம்தான். கதவுக்கு நேரே நின்று அவன் விளையாடவில்லை. அம்மாயி அதட்டியதும் நல்ல பிள்ளையாக ஓரமாகப் போய், கதவு முடிகிற இடத்தில், கருங்கல் ஒட்டிய தூணில் கையை வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்கிறான். வழியை விட்டு ஒதுங்கி நிற்பதாகத்தான் அவன் நினைத்திருப்பான். நானும் நீங்களும் அப்படித்தான் நினைப்போம்.

வெளியே ஒருவர் வருகிறார். கதவு திறக்கிறது. வருகிறவருக்குக் கதவு திறக்கிறது. பையனுக்கு அதே கதவு பக்கவாட்டிலிருந்து வந்து அடிக்கிறது. அவன் முழங்கை, கதவின் பின்விளிம்புக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழுக்கத் திறந்தால் அந்த இடத்தில் மிஞ்சும் இடைவெளி 30 மி.மீ. அடுத்த நாள் காலையில் டேப் வைத்து அளந்து, உங்கள் மேலாளரிடமும் காட்டினேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. மோட்டார் தடையை உணர்ந்து நின்றது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. பையன் அலறினான். நான்கு பேர் உதவிக்கு ஓடி வந்தார்கள். கதவுக்கு மேலே இருக்கிற ரேடார் சென்சாருக்கு, ஓடி வருகிறவர் உதவிக்கு வருகிறாரா, டாக்டரைப் பார்க்க வருகிறாரா என்று தெரியாது. ஆள் வந்தால் திற என்பதுதான் அதற்கு நாங்கள் கொடுத்திருக்கும் ஒரே உத்தரவு. திறந்தது. அதாவது, மாட்டியிருந்த கையை மறுபடி அழுத்தியது. யாரோ புத்திசாலித்தனமாக மெயின் சுவிட்சை அணைத்தார். மின்சாரம் போனால் மக்கள் உள்ளே அடைபடக் கூடாது என்பதற்காக ஒரு பேட்டரி இருக்கிறது. உங்கள் கதவில் அது, கரண்ட் போனதும் கதவைத் திறந்து நிறுத்தும்படி அமைக்கப்பட்டது. மூன்றாவது முறையும் அழுத்தியது. "கையை எடுத்து விடுங்க சாமி" என்று அந்த அம்மாயி கும்பிட்டபடி நின்றது பதிவில் தெரிகிறது. குரல் பதிவாகவில்லை, நான் போய்ச் சேர்ந்தபோதும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் உங்கள் காவலர் ஒருவர் கதவைக் கையாலேயே மூடும் பக்கம் தள்ளிப் பையனை விடுவித்தார். அவருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவராகவே யோசித்துச் செய்தார். நீங்கள் அவரைப் பாராட்டினீர்களா என்று தெரியாது. நான் நன்றி சொன்னேன்.

முழங்கைக்குக் கீழே எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டீர்கள், காசு வாங்கவில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

இப்போது என் பங்கையும் சொல்ல வேண்டும். அந்தக் கதவைப் பொருத்தியவன் நான்தான். முதலில் கொடுத்த கொட்டேஷனில் ஏழாவது வரியாக "சைடு ஸ்கிரீன், 2" என்று இருந்தது. தூணில் ஒட்டிய கருங்கல்லை அது மறைக்கும், வாசலின் எடுப்புப் போய்விடும் என்று உங்கள் பொறியாளர் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். நான் வாதாடவில்லை. ஆர்டர் கைநழுவிவிடும் என்ற பயம். அந்தத் தாள் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. இந்த ஊரில் இதே மாதிரி அந்த வரி அடிபட்ட கொட்டேஷன்கள் என்னிடம் நிறைய உண்டு. அதனால்தான் இந்த மடலை உங்கள் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

சைடு ஸ்கிரீன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் வாசலில் நான்கு கண்ணாடிகள் இருக்கும். நடுவில் இரண்டு நகரும், ஓரத்தில் இரண்டு அசையாமல் நிற்கும். திறக்கும்போது நகரும் கண்ணாடி, நிற்கும் கண்ணாடியை ஒட்டியே ஓரத்துக்கு ஓடும். அது ஓடுகிற அந்தப் பாதைக்கு முன்னால், அறைப் பக்கத்தில், இன்னொரு கண்ணாடியை நிறுத்துவதுதான் சைடு ஸ்கிரீன். நகரும் கதவு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, தலையணை உறைக்குள் போவது போல, போய் ஒளிந்துகொள்ளும். அந்தப் பாதையில் யாரும் நிற்க முடியாது, சாய முடியாது, கை வைக்க முடியாது. மோட்டார் வேண்டாம், சென்சார் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சும்மா நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

"சென்சார்தான் இருக்கிறதே" என்று எல்லா முதலாளிகளும் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெரும்பாலான வாசல்களில் நாங்கள் வைத்திருக்கும் சென்சார்கள் நடுவழியைத்தான் பார்க்கின்றன. வருகிற ஆளைக் கண்டு திறக்க ஒன்று. நடுவில் ஆள் நிற்கும்போது கதவு மூடிவிடாமல் இருக்க ஒன்று. அதாவது, மூடும்போது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், அதற்குக் காவல் இருக்கிறது. திறக்கும்போதும் ஆபத்து உண்டு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. திறப்பது நல்ல காரியம் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கதவு எந்தப் பக்கம் ஓடினாலும் அதற்கு ஒரு முன்விளிம்பு உண்டு. மூடும்போது அது நடுவில் இருக்கிறது. திறக்கும்போது, பின்விளிம்பு என்று நான் சொன்னதே முன்விளிம்பாகி ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தைப் பார்க்கும் சென்சார் தனியாகக் கிடைக்கும், அதை யாரும் வாங்குவதில்லை.

எடையையும் நினைத்துப் பாருங்கள். கண்ணாடி, ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. உங்கள் வாசலில் இருப்பது 12 மி.மீ. டஃபன்டு (உறுதியாக்கிய கண்ணாடி), சதுர மீட்டருக்கு 30 கிலோ ஆகிறது. ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் என்றால் ஒரு கதவு மட்டும் 63 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதைவிடக் கனமான ஒன்று, நொடிக்கு அரை மீட்டர் ஓடும்படி அமைத்தால், சத்தமே இல்லாமல் ஒரு குழந்தையின் தோள் உயரத்தில் வருகிறது. சத்தம் இல்லாததைத்தான் நாங்கள் சிறப்பு என்று சொல்லி விற்கிறோம்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. ஐரோப்பிய நாடுகளில் 2012இல் வந்த இ.என். 16005 என்ற தரவிதி இந்த வகைக் கதவுகளுக்கென்றே எழுதப்பட்டது. கதவின் விளிம்பு எங்கே போய் நின்றாலும், விரல் நுழையக் கூடாது என்றால் இடைவெளி 8 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் விரல் நசுங்காதபடி 25 மி.மீட்டராவது இருக்க வேண்டும். தலைக்கு 200 மி.மீ. உடலுக்கு 500 மி.மீ. இந்த அளவு கொடுக்க முடியாத இடத்தில் தடுப்பு வை, அல்லது சென்சார் வை என்கிறது அது. முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள், மாற்றுத்திறனாளிகள், சின்னக் குழந்தைகள் அதிகம் வந்து போகிற இடமென்றால், கதவு ஆள் மேல் படுவதையே ஏற்கக் கூடாது என்றும் சொல்கிறது. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வேறு யார்?

உங்கள் தூணில் இருந்த 30 மி.மீ. இடைவெளி விரலுக்குப் போதும். விரலுக்கு மேல் எதற்கும் போதாது.

"அது வெளிநாட்டு விதி, நம் ஊரில் யாரும் கேட்பதில்லை" என்று உங்கள் மேலாளர் சொன்னார். கதவின் மோட்டாரை வாங்கும்போது மட்டும், வெளிநாட்டுச் சரக்குதானே, ஜெர்மன் தானே என்று மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டீர்கள். மோட்டார் அந்த ஊர் என்றால் அதோடு வருகிற பாதுகாப்பும் அந்த ஊர்தான். பாதியை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகு வாசலில் சாய்வுத்தளம் கட்டினீர்கள், நல்ல காரியம். அந்தத் தளத்தில் சக்கர நாற்காலியில் ஏறி வருகிறவர் உள்ளே வந்ததும் எங்கே நிறுத்துவார்? வழியை மறிக்காமல் ஓரமாக. அதாவது, கதவு ஓடி வருகிற அந்த இடத்தில்தான். அவர் முழங்கை வெளியே நீட்டியிருக்கும்.

சரி, விபத்துக்கு அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள்?

"குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். மகளை அறுவை சிகிச்சை அறைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் கேட்க வேண்டிய கவனமா அது? தவிர, அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஓரமாகப் போ என்று சொன்னதே அவர்தான்.

அப்புறம் இரண்டு ஓரத்திலும் பூத்தொட்டி வைத்தீர்கள். முதல் மாதம் சரியான இடத்தில் இருந்தது. போன வாரம் நான் பெல்ட் மாற்ற வந்தபோது, தரை துடைக்கிறவர்கள் நகர்த்தி வைத்த தொட்டி ஒன்று இரண்டடி தள்ளி நின்றது. அந்தத் தொட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், யாருக்கும் தெரியாமல் ஒளிந்து விளையாட வசதியாக ஒரு சந்து உண்டாகியிருந்தது. அதில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்து கொலுசைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பி அனுப்பினேன். அன்றைக்குத்தான் உங்களுக்கு மறுபடி போன் செய்தேன். அசல் விலைக்கே போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். "எலிவேஷன் கெட்டுப்போகும், ஏற்கனவே தொட்டி வைத்தாயிற்று, இதோடு விடுங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

எலிவேஷன், அதாவது வாசலின் முகப்புத் தோற்றம் பற்றி ஒன்று சொல்கிறேன். ஆத்தூர் பக்கம் ஒரு சின்ன கண் கிளினிக்கில் நான் வைத்த தடுப்புக் கண்ணாடி இன்னும் நிற்கிறது. இடம் குறைவு, வாசலும் சின்னது. அந்த டாக்டரம்மா கொட்டேஷனைப் பார்த்ததும், விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "இது எதுக்குங்க?" என்று கேட்டார். பார்வை மங்கியவர்கள் கையால் தடவிக்கொண்டே வருவார்கள் இல்லையா, அவர்கள் கை கதவுக்குள் போகாமல் இருக்க என்றேன். "அப்ப போடுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதே தெளிவான கண்ணாடிதான் என்பதால் எதையும் அது மறைக்கவில்லை. துடைப்பதற்காகக் கீலில் மாட்டி, சாவி போட்டுத் திறக்கும்படி செய்திருக்கிறேன். கண்ணாடி இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக, பெரியவர் கண் உயரத்தில் ஒரு பட்டையும் குழந்தை கண் உயரத்தில் ஒரு பட்டையும் ஒட்டியிருக்கிறோம். உங்கள் கருங்கல் தூணும் அப்படியே தெரியும்.

தீ விபத்து நடந்தால் இடைஞ்சல் ஆகாதா என்று வேறொரு கட்டடத்தில் கேட்டார்கள். தடுப்பு நிற்பது வழியின் குறுக்கே இல்லை, பக்கத்தில். திறந்த வழியின் அகலம் ஒரு அங்குலம்கூடக் குறையாது. அவசரத்தில் கண்ணாடி முழுவதையும் வெளியே தள்ளித் திறக்கிற வகைக் கதவென்றால் மட்டும் தடுப்பை வேறு மாதிரி அமைக்க வேண்டும். அந்த வகை எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

பொறியாளர்களிடம் ஒரு வார்த்தை. தடுப்பை அப்புறம் சேர்ப்பதுதான் கஷ்டம். வரைபடத்திலேயே சுவரிலிருந்து இடம் விட்டுவிட்டால் ஒரு கஷ்டமும் இல்லை. தூணைக் கல் ஒட்டி அகலப்படுத்தும்போது அளவு மாறிவிடுகிறது. உங்கள் வரைபடத்தில் கதவுக்கும் தூணுக்கும் இருந்த இடைவெளியை, அப்புறம் வந்த கல்லும் பூச்சும் தின்றுவிடுகின்றன. இந்த மருத்துவமனையிலும் நடந்தது அதுதான். கல் ஒட்டி முடித்த பிறகு ஒரு முறை டேப் வைத்துப் பார்க்க யாரும் வரவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆடி வருகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சேலத்துக்கு வரும். துணிக்கடை வாசலில் பிள்ளைகளை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பெரியவர்கள் செருப்பை மாட்டுவார்கள், பையைக் கணக்குப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் நான் கேட்பது இவை.

கதவு வைத்திருக்கும் எல்லோரும் இன்றைக்கே கடை திறந்ததும் ஒரு டேப் எடுங்கள். கதவை முழுக்கத் திறந்து நிறுத்தி, அதன் பின்விளிம்புக்கும் சுவருக்கோ தூணுக்கோ மேசைக்கோ நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். தலைக்கு 200, உடலுக்கு 500, அந்த இரண்டு எண்ணும் போதும். குறைவாக இருந்தால் தடுப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். என்னிடம்தான் போட வேண்டும் என்று இல்லை, உங்கள் கதவைப் பார்த்துக்கொள்கிற யாராக இருந்தாலும் சரி. தடுப்புக்கு இடமே இல்லாத வாசலில் ஓரத்தைப் பார்க்கும் சென்சாரும், திறக்கும் வேகத்தைக் குறைப்பதும் வேண்டும். அந்த சென்சாரைத் தினமும் காலையில் கை நீட்டிச் சோதிக்க ஓர் ஆளையும் நியமியுங்கள். தூசி படிந்த சென்சார் இல்லாததற்குச் சமம்.

வாசல் காவலர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுங்கள், பத்து நிமிடம் போதும். திறக்கும் பக்கம் யாராவது மாட்டினால் கூட்டத்தைப் பின்னால் நிறுத்த வேண்டும், மெயினை அணைக்கக் கூடாது, கதவைக் கையால் மூடும் பக்கம் தள்ள வேண்டும். உங்கள் கதவில் பேட்டரி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று சர்வீஸ் ஆளிடம் கேட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள்.

என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு: அந்த வரியை இனி யார் அடிக்கச் சொன்னாலும், அடிக்கச் சொன்னவரின் கையெழுத்தை அதன் பக்கத்தில் வாங்குங்கள். நான் இந்த மாதத்திலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு: அளவெடுத்து வைத்திருக்கிறேன், வரைபடம் தயார். கண்ணாடி வெட்டி டஃபன் செய்து வர ஒரு வாரம் ஆகும். பொருத்த ஓர் இரவு போதும். புறநோயாளிகள் பிரிவு மூடிய பிறகு ஆரம்பித்து விடிவதற்குள் முடித்துவிடுவேன். ஆடி முதல் தேதிக்குள் சரி என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால், காரணத்தை எழுதி, பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட்டு எனக்குக் கொடுங்கள். அதுவரை அந்தத் தொட்டிகளை எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் ஸ்டீல் தடுப்புக் கம்பியை வையுங்கள். அது என் பட்டறையில் இருக்கிறது. நாளைக் காலையிலேயே கொண்டுவந்து வைக்கிறேன், காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கதவைப் பொருத்தியவன்,
அம்மாபேட்டை, சேலம்